நீலாவதி கவிழ்த்துப் பார்த்த ஜாடி

நீலாவதியைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொன்னாலே அவளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். காபி குடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய டம்ளரை வாங்கியவள், உள்ளே போகாமல் அங்கேயே நின்று அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். மிச்சமிருந்த காபி அவள் பட்டுப் புடவையில் சொட்டியது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அர்ச்சுனன் மட்டும், "டம்ளரு ஒழுவுதான்னு பாக்கறாங்க போல" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டதாக நீலாவதி சொல்வாள். அவன் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். நல்லவன், வாய்தான் ஓயாது.

கவிழ்த்துப் பார்ப்பது அவளுக்குத் தொழில். விருத்தாசலத்தில் நானும் அவளும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அச்சில் வார்த்த பொம்மைகளைக் கிளேசில், அதாவது சுட்டால் பளபளக்கிற பூச்சுக் கரைசலில், முக்கி எடுப்பது என் வேலை. நான் முக்கியதை வாங்கிக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கிற கிளேசை ஈரப் பஞ்சால் துடைப்பது அவள் வேலை. ஒரு பொட்டு விட்டுப்போனாலும் சூளைக்குள் அது உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பொம்மையும் போச்சு, தட்டும் போச்சு. அதனால் எங்கள் கம்பெனிப் பெண்கள் எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்போம். கடைத்தெருப் பாத்திரக்கடையில் எங்கள் தலையைக் கண்டாலே, "கவுத்துப் பாக்கறவங்க வந்துட்டாங்கப்பா" என்பார்கள். என்றாலும் நீலாவதி அளவுக்கு இடம் பொருள் பார்க்காமல் கவிழ்க்கிறவள் வேறொருத்தி கிடையாது.

என் பேர் அம்புஜவல்லி. எனக்கு முன்கோபம் உண்டு, வாயும் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் நான் பேசுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மயிலாப்பூரில் ஒரு பொம்மைக் கடைக்காரர் எங்கள் சரக்கை வாங்க ஆரம்பித்ததும், மாதம் ஒரு தடவை புது மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியிருந்தது. "ஆம்பளைங்கள அனுப்பினா ஒடச்சி எடுத்துக்கிட்டுத்தான் போறானுவ, நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா" என்றார் முதலாளி ராஜ்மோகன். காலையில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் எழும்பூர். கடையில் பெட்டியைக் கொடுத்துவிட்டால் திரும்புகிற ரயில் வரைக்கும் வேலை இல்லை. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். இவள் பட்டணம் சேர்ந்துதான் கெட்டாள்.

முதல் தடவை அது தற்செயலாக நடந்தது. மார்கழி மாதம். கடையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு சபாவுக்குள்ளிருந்து வயலின் சத்தம் கேட்டது. காலி அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நீலாவதி அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி ஒருவர் எங்களையே பார்த்தார். விரட்டப் போகிறார் என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவரோ பெட்டியில் அச்சடித்திருந்த ஊர்ப் பெயரைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"விருத்தாசலமா? எனக்குக் கம்மாபுரம்ங்க" என்றார். "மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டு கெடையாது. பெட்டிய இங்க வச்சிட்டு உள்ள போயி உக்காருங்க."

"எங்கள மாதிரி ஆளுங்கள உள்ள வுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"வுடற ஆளே நான்தாங்க" என்றார்.

அவர் பெயர் சுப்புராயன். ஊரில் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு சென்னைக்கு வந்து ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தவர். ஏஜென்சிக்காரர்கள் அவரை இடம் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஒரு மாதம் சபா, ஒரு மாதம் ஓவியக் கண்காட்சி, இன்னொரு மாதம் துணி டிசைன் கண்காட்சி. கதவோரம் நின்று பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, மனுஷனுக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. ராகத்தின் பேரெல்லாம் தெரியாது. "நேத்து பாடின பொண்ணு ஒரு எடத்துல இழுத்துச்சு பாரு, எங்கம்மா செத்தப்பகூட எனக்கு அப்பிடி அழுவ வரல" என்று சொல்வார், அவ்வளவுதான்.

நீலாவதிக்கு அவர் அண்ணன் ஆகிவிட்டார், அவருக்கு இவள் தங்கச்சி. எங்காவது புதிதாக ஏதாவது நடந்தால் வேலை பார்க்கும் இடத்துப் போனிலிருந்து அர்ச்சுனனின் செல்லுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். "ஏ நீலா, ஒங்கண்ணன் கூப்புடறாரு. பட்டணத்துல என்னமோ மாட்டியிருக்காங்களாம், நீ போயி பாக்கலன்னா கீழ எறக்க மாட்டாங்களாம்" என்பான் அர்ச்சுனன். இவள் ஒரு ரூபாய் பூத்துக்கு ஓடுவாள்.

பொங்கல் சமயத்தில் பூங்காவில் பறையடிக்கிறார்கள் என்று போனோம். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் சைக்கிள் டயரில் நாற்காலி செய்து வைத்திருக்கிறார்கள் என்று போனோம். ஒரு பெரிய பங்களாவில், துணியில் அச்சுக் குத்துகிற மரக்கட்டைகளையெல்லாம் சுவர் நிறைய மாட்டியிருந்தார்கள், அதற்கும் போனோம். ஒரு இடத்தில் வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரே ஒரு கோடு. அதற்கு முன்னால் இவள் நின்ற நேரத்தில் நான் ஒரு படி அரிசி களைந்து உலையில் போட்டிருப்பேன். "இதுல என்னாடி இருக்குது?" என்றால், "தெரியலக்கா. ஆனா வூட்டுக்குப் போனப்பறமும் கண்ணுக்குள்ளயே இருக்குது" என்பாள். ஊர் திரும்பினால் நாலு நாளைக்கு முகத்தில் ஒரு தெளிச்சி. பஞ்சால் துடைக்கிறபோது தானாக முனகுவாள். அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. போய்த் தொலையட்டும் என்று நானும் கூடப் போவேன்.

இரண்டாயிரத்து ஏழு ஆடி மாதம். அந்தத் தடவை மயிலாப்பூர்க் கடையில் பெட்டியைக் கொடுத்த பிறகு நான் அவளோடு போகவில்லை. ரங்கநாதன் தெருவில் தள்ளுபடி போட்டிருந்தார்கள், எனக்கு அதுதான் கண்காட்சி. அதனால் அவள் ரயிலில் அழுதுகொண்டே சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சுப்புராயன் அப்போது ஒரு ஆர்ட் கேலரியில் டியூட்டியில் இருந்தார். களிமண் வேலையாகவே வைத்திருக்கிறார்கள், கட்டாயம் வந்து பார் என்று சொல்லியிருந்தார். இவள் போனபோது சாப்பாட்டு நேரம். கேலரியைப் பூட்டிவிட்டு எல்லாரும் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் யாரையும் விடக்கூடாது என்பது உத்தரவு. "தொறக்கற வரைக்கும் நின்னா ஒனக்கு ரயிலு போயிடும். சட்டுனு பாத்துட்டு வா, நான் போயி டீ வாங்கியாறேன்" என்று அவரே பூட்டைத் திறந்து விட்டிருக்கிறார்.

உள்ளே யாருமில்லை. நடுவில் ஒரு மேடைமேல் கரும்பச்சையில் ஒரு ஜாடி. அதன் வாய்மேல் ஒரு பறவை சிறகை மடக்கி உட்கார்ந்திருந்தது. அந்தப் பச்சை அவள் இதுவரை பார்க்காத பச்சை. எங்கேயும் கிளேஸ் வழியவில்லை, கட்டியில்லை. இவ்வளவு தடிமனாகப் பூசியதை அடியில் எப்படித் துடைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு கையாலும் தூக்கினாள், கவிழ்த்தாள்.

பறவை தரையில் விழுந்து நொறுங்கியது. எங்கள் கம்பெனியில் மேல்பாகத்தைத் தனியாக வார்த்தாலும் சுடுவதற்கு முன் ஈர மண்ணிலேயே ஒட்டித்தான் சூளைக்கு அனுப்புவோம். சுட்டு எடுத்த பிறகு சும்மா மேலே வைத்துவிட்டுப் போவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"தொடாதீங்கன்னு எழுதியிருக்கலயாடி?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்துச்சுக்கா. தமிழ்லயே இருந்துச்சு. படிச்சிட்டுத்தான் தூக்கினேன்."

ஜாடியை மேடையில் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறாள். படியில் சுப்புராயன் டீயோடு வந்துகொண்டிருந்தார். "என்னாம்மா, அதுக்குள்ளயா?" என்று கேட்டிருக்கிறார். "நேரமாயிடுச்சுண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதோடு விட்டாளா? அவர் நீட்டிய டீயை வாங்கிக் குடித்திருக்கிறாள். "நல்லா இருக்குதுண்ணே" என்று வேறு சொல்லியிருக்கிறாள். அப்புறம் தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கிருந்து ஓடியிருக்கிறாள்.

"வுட்றி. யாரு பாத்தா?" என்றேன். என் வாயில் வந்தது அதுதான்.

"நான் பாத்தேன்க்கா" என்றாள். "சக்கர தூக்கலா போடச் சொல்லி வாங்கியாந்தாருக்கா. எனக்குத் தித்திப்பு புடிக்கும்னு தெரிஞ்சி வாங்கியாந்தாரு." விழுப்புரம் தாண்டும் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மிஸ்டு கால் வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. "என்னா, ஒங்கண்ணன் கோவிச்சிக்கிட்டாரா?" என்று அர்ச்சுனன் கேலி செய்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவனிடம் அவள் சொல்லவே இல்லை. மயிலாப்பூருக்கு நான்தான் தனியாகப் போய்வந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இவளுக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, கைக்கும் வந்துவிட்டது. பொம்மையைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். "கவுக்கறதுக்குக் கை வரலக்கா" என்பாள். கொலு நேரம், ஊரே பறக்கிறது, இவள் அடியைத் துடைக்காமலே தட்டில் அடுக்குகிறாள். சூளையைத் திறந்தால் பாதிச் சரக்கு தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. முதலாளி கத்திய கத்தலில் எதிர் கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நான் முக்கிக் கொடுத்த சரக்கல்லவா அது.

"இந்தா பாருடி, ஒண்ணு மறந்துடு, இல்ல போயி சொல்லிட்டு வா. ரெண்டுக்கும் நடுவுல குந்திக்கிட்டு என் பொழப்பையும் கெடுக்காத" என்றேன்.

"போயி சொல்றேன்க்கா. அங்க இருக்கறவங்க என்னா சொன்னாலும் வாங்கிக்கிறேன். போலீஸ கூப்ட்டாலும் சரி. அதுக்கப்பறம் அந்தப் பக்கமே தலவச்சிப் படுக்க மாட்டேன். பாட்டும் வேணாம், படமும் வேணாம்" என்று பழமலைநாதர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையடித்துச் சத்தியம் செய்தாள்.

ஐப்பசியில் மழையோடு மழையாகப் போனோம். கேலரி வாசலில் வேறு ஒரு செக்யூரிட்டி நின்றிருந்தார். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா மேஜையில் இருந்தார். அவர்தான் கேலரியை நடத்துகிறவர். நீலாவதி எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல வராமல், "இங்க சுப்புராயன்னு ஒரு அண்ணன் இருந்தாருங்களே" என்று ஆரம்பித்தாள்.

"நீங்க அவர் ஊரா?" என்றார் அந்த அம்மா. முகம் மாறவில்லை, நல்லவிதமாகத்தான் பேசினார். "பாவம், இங்க வச்சிருந்த ஒரு களிமண் பறவைய உடைச்சிட்டார். துடைக்கறப்போ கை பட்டுடுச்சுன்னு அவரே வந்து சொன்னார். அதைச் செஞ்ச பொண்ணு மாசக்கணக்கா அதுக்காக உழைச்சிருந்தா. இங்கேயே உக்காந்து அழுதா. ஆனா அவர் மறைக்காம ஒத்துக்கிட்டார் இல்லையா, அதனால வேலைய விட்டு அனுப்பிடாதீங்கன்னு ஏஜென்சிக்கு நானே சொன்னேன். உள்ள டியூட்டி மட்டும் இனிமே குடுக்க மாட்டோம்னுட்டாங்க. மறைச்சிருந்தார்னா நானே விட்டிருக்க மாட்டேன்."

நான் நீலாவதியைப் பார்த்தேன். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. இப்போது இவள் உண்மையைச் சொன்னால், பூட்டைத் திறந்து ஆளை விட்டதும் வெளியே வரும், அவர் சொன்ன பொய்யும் வெளியே வரும். எனக்கே அது உறைத்தது என்றால் அவளுக்கு உறைக்காமல் இருக்குமா?

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்றார் அந்த அம்மா.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றாள் நீலாவதி.

சுப்புராயன் இப்போது எங்கே நிற்கிறார் என்று வாசலில் இருந்த செக்யூரிட்டிதான் சொன்னார். ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தில். போனோம். நனைந்த தொப்பியோடு விசில் ஊதிக் கார்களைப் பின்னால் எடுக்கவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எங்கேயிருந்து வருகிறோம் என்று நான் சொன்னதும் மலர்ச்சி போய்விட்டது.

"சொல்லிட்டியா?" என்று பதறினார்.

"இல்லண்ணே. வாயி வரல."

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்தார். "நல்லதாப் போச்சு. நீ சொல்லியிருந்தா என்னா ஆவும்? சாப்பாட்டு நேரத்துல பூட்டத் தொறந்து ஆள வுட்டான், கேட்டப்ப பொய்யும் சொன்னான்னு சீட்டக் கிழிச்சிருப்பாங்க. இப்ப கை தவறுன கெழவன்னு மட்டுந்தான் பேரு. அந்தப் பேர வச்சிக்கிட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிக்குவேன்."

"நான் ஒடச்சதுக்கு நீங்க எதுக்குண்ணே ஏத்துக்கிட்டீங்க?"

"பூட்டத் தொறந்தது நான்தானம்மா. நீ தொட்ட, நான் தொறந்தேன். ரெண்டு பேரு கெட்டுப் போறதுக்குப் பதிலா ஒருத்தன் கெட்டா போதுமே."

நீலாவதி அந்த மழைத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் என்னாதான்ண்ணே செய்யறது? இத எங்க கொண்டுபோயி எறக்கி வக்கிறது? ஒங்க டீயக் குடிச்சிட்டு ஓடினேனே. நீங்களாவது திட்டுங்கண்ணே, ரெண்டு வார்த்த திட்டுங்க, எனக்குச் சோறு எறங்கும்."

"எனக்குத் திட்ட வராதும்மா, எழுந்திரு" என்றார். எனக்கு வரும். ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கும் வரவில்லை.

"சத்தியம் பண்ணிட்டேன்ண்ணே. இனிமே எந்தக் கண்காட்சிக்கும் போவ மாட்டேன், கச்சேரிக்கும் போவ மாட்டேன்" என்றாள் அவள், அழுகையோடு.

அப்போதுதான் அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். "யாரக் கேட்டு சத்தியம் பண்ண?" என்றார். "எனக்குத்தான் கதவு சாத்திட்டாங்க. ஒனக்கும் சாத்தணுமா? இங்க நின்னா எனக்கு ஆரன் சத்தமும் விசிலும்தான். மார்கழி வருது. மத்தியானம் மத்தியானம் பாடுவாங்க. நீ போ. போயி கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு. கடை சாத்தற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

நீலாவதி போகவே மாட்டேன் என்று விரதம் எடுத்துத் தன்னைத் தண்டித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அதையும் அவர் பிடுங்கிக்கொண்டார். ஊரில் இறங்கியதும், "போவலன்னா அவருக்குத் துரோகம், போனா எனக்கு ஒடம்பு கூசுது. என்னாக்கா செய்ய?" என்று கேட்டாள். "போ" என்றேன்.

மார்கழியில் போனோம். அதே சபாதான். வாசலில் வேறு ஆள். ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். மத்தியானக் கூட்டம், பாதிக்கு மேல் நாற்காலி காலி. நான் மின்விசிறிக்குக் கீழே பார்த்து உட்கார்ந்துவிட்டேன். நீலாவதி உட்காரவில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். சைகை செய்து பார்த்தேன், வரவில்லை. கச்சேரி முடிகிறவரைக்கும் நின்றாள். பாட்டு நன்றாக இருந்திருக்க வேண்டும், கிழவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். இவள் முகத்தில் அந்தப் பழைய தெளிச்சி வருவதும் அவள் அதை அடக்குவதும் எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. எனக்கே சங்கடமாகப் போய் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கிருந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போனோம். சுப்புராயன் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். யார் பாடினது, எந்த இடத்தில் இழுத்தாள், வயலின் யார், மிருதங்கக்காரர் கடைசியில் தனியாக வாசித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீலாவதி தனக்குத் தெரிந்தமட்டும் சொன்னாள். ஒரு இடத்தை மெதுவாக முனகிக்கூடக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எங்க உக்காந்திருந்த? முன்னாடி போனியா?" என்று கேட்டார்.

"உக்காரலண்ணே. கதவாண்ட நின்னுக்கிட்டே கேட்டேன்" என்றாள். "நீங்க நின்ன எடத்துல."

பின்னால் ஒரு கார் ஆரன் அடித்தது, அவர் திரும்பவில்லை.

"பைத்தியமா நீ? உக்காந்து கேளும்மா" என்றார். "நின்னுக்கிட்டுக் கேட்டா பாதிக்கு மேல காலு வலிதான் தெரியும், பாட்டு காதுல ஏறாது. இத்தன வருஷமா நின்னவன் சொல்றேன். ஒரு பாட்டாவது உக்காந்து முழுசா கேக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆச இருந்துச்சு தெரியுமா?"

நீலாவதி தலையைக் குனிந்துகொண்டே, "சரிண்ணே, அடுத்த தபா உக்காந்துக்கறேன்" என்றாள்.